விலங்கு மனையில் புற ஊதா விளக்கு: புதிதாகப் பணியில் சேர்வோருக்கு ஒரு வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பட்டுப்புழு வளர்க்கும் குடும்பங்களுக்குப் பழகிப்போன ஒழுங்கு ஒன்று உண்டு. ஒரு தொகுதிக் கூடுகள் சந்தைக்குப் போனதும், அடுத்த தொகுதி இளம்புழுக்களைக் கொண்டுவருவதற்கு முன், வளர்ப்பு மனையிலிருந்து தட்டுகளையும் வலைகளையும் வெளியே எடுத்து, எச்சத்தையும் காய்ந்த இலையையும் கூட்டி அள்ளி, தரையையும் சுவரையும் கழுவி, பிளீச்சிங் தூள் கரைசல் தெளித்து, மனையை நன்றாக உலர விட்ட பிறகே புழுக்களை உள்ளே விடுவார்கள். ஆய்வுக்காக எலி, முயல் போன்றவற்றை வளர்க்கும் ஆய்வக விலங்கு மனைகளில் வேலைக்குச் சேரும் இப்பகுதி இளைஞர்கள் பலருக்கு இந்த வரிசை சிறு வயதிலேயே கைவந்தது. ஆனால் மனையின் கூரையில் நீல நிறத்தில் எரியும் ஒரு குழல் விளக்கைக் கண்டதும் அந்த வரிசையை மறந்துவிடுகிறார்கள். விளக்கைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இப்பகுதியில் ஒரு கல்லூரியின் விலங்கு மனையைக் கவனித்து வருபவன் என்ற முறையில், புதிதாக வருகிறவர்களுக்கு நான் வாய்மொழியாகச் சொல்லி வந்ததையே இங்கே எழுதி வைக்கிறேன். கழுவுதல், கிருமிநாசினி, உலர்த்தல் ஆகிய மூன்றும் முடிந்த பிறகு நான்காவதாக வருவதுதான் புற ஊதா விளக்கு. அதன் வேலையைக் கண்ணால் மதிப்பிட முடியாது, அளந்துதான் மதிப்பிட வேண்டும்.

விளக்கு செய்வதும் செய்யாததும்

புற ஊதாக் கதிர்களில் 200 முதல் 280 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்டவற்றை 'சி' வகை என்கிறோம். நம் மனைகளில் மாட்டப்படுபவை பெரும்பாலும் குறைந்த அழுத்தப் பாதரச ஆவிக் குழல்கள். அவை வெளியிடும் புற ஊதாவில் மிகப் பெரும்பகுதி 253.7 நானோமீட்டரில் இருக்கிறது. உயிரணுவின் மரபுப்பொருளான டி.என்.ஏ. ஏறத்தாழ 260 நானோமீட்டர் அலைநீளத்தை மிகுதியாக உறிஞ்சுவதால், இந்தக் கதிர் பட்டவுடன் அதன் கட்டுமானக் கூறுகளில் ஒன்றான தைமின் மூலக்கூறுகளில் அடுத்தடுத்துள்ளவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அப்படி ஒட்டிக்கொண்ட இடத்தில் டி.என்.ஏ.வைப் படியெடுக்க முடியாமல் போவதால், கிருமி உடனே சாகாவிட்டாலும் பெருகும் திறனை இழக்கிறது. சூரிய ஒளி பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்பதை இங்கிலாந்தில் டவுன்ஸ், பிளன்ட் ஆகிய இருவர் 1877-இல் காட்டினார்கள். ஒளியைக் கொண்டு தோல் காசநோய்க்குச் சிகிச்சை அளித்த டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே இது புதிய வித்தையன்று. அதன் எல்லைகளும் நெடுநாளாகவே தெரிந்தவைதாம்.

முதல் எல்லை நிழல். கதிர் நேராகப் பட்ட இடத்தில் மட்டுமே வேலை நடக்கும். மேசையின் அடிப்பக்கம், கூண்டு அடுக்கின் கீழ்த்தட்டு, தண்ணீர்ப் புட்டியின் மறுபக்கம், கதவுக் கைப்பிடியின் உட்புறம் ஆகியவற்றுக்கு விளக்கு எரிந்ததும் எரியாததும் ஒன்றே. சாதாரணச் சுவர்ப் பூச்சு, பார்வைக்கு எவ்வளவு வெண்மையாக இருந்தாலும், இந்தக் கதிரைப் பெரும்பாலும் உறிஞ்சிவிடும். துருப்பிடிக்காத எஃகு ஓரளவு திருப்பி அனுப்பும். மெருகிட்ட அலுமினியம் நன்றாகவே திருப்பி அனுப்பும். எனவே வெள்ளைச் சுவரில் பட்டுத் தெறித்து மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேரும் என்று கணக்குப் போடக் கூடாது.

இரண்டாவது எல்லை ஊடுருவல். சாதாரணக் கண்ணாடியும் பாலிகார்பனேட் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக்கால் ஆன கூண்டின் சுவரும் இந்தக் கதிரைத் தடுத்துவிடுகின்றன. கூண்டை அடுக்கோடு அறையில் வைத்து விளக்கைப் போட்டால், கூண்டின் வெளிப்பக்கத்தில் சிறிது பயன் இருக்கலாம். எலி இருந்த உட்புறத்தில் எதுவும் நடப்பதில்லை. கூண்டில் பரப்பும் உமியின் தூசி, காய்ந்த சிறுநீர்ப் படலம், எச்சம், முடி இவற்றில் எது மேலே படிந்திருந்தாலும் அதன் அடியில் உள்ள கிருமிக்கு அது கூரையாகிவிடும். ஆடிக் காற்றில் செம்மண் தூசியும், குவாரிகளுக்கு அருகில் கிரானைட் தூசியும் எப்படியோ உள்ளே வந்து படியும் நம் ஊர்க் கட்டடங்களில் இதை இரட்டிப்பாக நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது எல்லை கிருமியின் வகை. ஈ. கோலை போன்ற பாக்டீரியா எளிதில் வீழும். பாக்டீரியாவின் உறங்குவித்துகளுக்குப் பல மடங்கு கூடுதல் கதிர் வேண்டும். கரும்பூஞ்சையின் வித்துகள் அதைவிடவும் முரட்டுத்தனமானவை. வைரஸ்களில் அடினோ வகை கதிருக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். எலிகளைத் தொற்றும் ஊசிப்புழுவின் முட்டைகளுக்கு இந்த விளக்கை ஒருபோதும் நம்பக் கூடாது. அந்த முட்டைகள் தூசியோடு பறந்து எங்கும் ஒட்டிக்கொள்வதால், வெப்பம்தான் அதற்கு மருந்து. ஊசிப்புழு கண்டறியப்பட்ட அறையில் யாராவது 'ராத்திரி முழுக்க யூ.வி. போட்டுவிட்டோம்' என்று சொன்னால், அந்த அறையைச் சுத்தம் செய்யாத அறையாகவே கணக்கில் வையுங்கள்.

எங்கே பயன்படுத்தலாம்

விலங்குகளை வேறிடத்துக்கு மாற்றிக் காலி செய்த அறை, புதிய விலங்குகள் வந்திறங்கும் தனிமை அறை, அறுவை மேசையும் செயல்முறை அறையும், பொருள்களை உள்ளே அனுப்பும் பாஸ் பாக்ஸ், கூண்டு மாற்றும் மேசை, காற்றைச் சுற்றிவிடும் குழாய்களின் உட்புறம் ஆகிய இடங்களில் இந்த விளக்கு உண்மையாகவே உதவும். விலங்குகள் இருக்கும் அறையில் திறந்த விளக்கை எரிக்கவே கூடாது. வெள்ளெலி, வெண்சுண்டெலி ஆகியவற்றின் கண்ணில் நிறமி இல்லாததால் சாதாரண வெளிச்சமே மிகுந்தால் அவற்றின் விழித்திரை கெடும். புற ஊதா பட்டால் கருவிழியும் தோலும் புண்ணாகும். அது விலங்கு நலத்துக்கு எதிரானது என்பதோடு, நடந்துகொண்டிருக்கும் ஆய்வின் முடிவுகளையும் கெடுத்துவிடும். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், விலங்குகள் மீதான ஆய்வுகளை மேற்பார்வையிட இயங்கும் மையக் குழுவில் பதிவு பெற்ற ஒவ்வொரு மனையிலும் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழு இருக்கும், முன்பு சி.பி.சி.எஸ்.இ.ஏ. என்று அழைக்கப்பட்ட அந்த மையக் குழு இப்போது சி.சி.எஸ்.இ.ஏ. என்று அறியப்படுகிறது. புற ஊதா விளக்கைப் புதிதாக மாட்டும்போது செயல்முறையை எழுத்தில் வடித்து நெறிமுறைக் குழுவின் பார்வைக்கு வைத்துவிடுவது பின்னாளில் பல கேள்விகளைத் தவிர்க்கும்.

பாஸ் பாக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. அதனுள் வைத்த பொருளின் மேற்புறம் கதிர் படும். பொருள் உட்கார்ந்திருக்கும் அடிப்பக்கம் படாது. ஆகவே உள்ளே அனுப்பும் ஒவ்வொரு பொருளையும் 70 விழுக்காடு ஆல்கஹாலால் எல்லாப் பக்கமும் துடைத்து வைத்துவிட்டுத்தான் விளக்கைப் போட வேண்டும். துடைப்பதுதான் அங்கே முதன்மை வேலை.

முதல் படி: விளக்கை எரிப்பதற்கு முன் ஆளைக் காப்பாற்றுதல்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 254 நானோமீட்டர் கதிருக்கு, எட்டு மணி நேர வேலைநாளில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 மில்லிஜூல் என்ற வரம்பு பணியிடப் பாதுகாப்பில் நெடுங்காலமாகப் பின்பற்றப்பட்டு வருகிறது. 30 வாட் குழல் ஒன்று ஒரு மீட்டர் தொலைவில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 100 மைக்ரோவாட் அளவுக்குக் கதிரைப் பொழிகிறது. கணக்குப் போட்டால், அந்த விளக்கின் அடியில் நின்று ஒரு நாள் வரம்பைத் தாண்ட ஒரு நிமிடம் போதும். அந்த நேரத்தில் சூடோ வலியோ எதுவும் தெரியாது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

எனக்குத் தெரிந்த ஒரு மனையில், பாஸ் பாக்ஸின் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து உட்புறத்தைப் பொறுமையாகத் துடைத்த பராமரிப்பாளர் ஒருவர், மாலையில் ஒன்றும் இல்லாமல் வீட்டுக்குப் போய், நள்ளிரவில் கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போன்ற எரிச்சலோடு எழுந்தார். வெல்டிங் பட்டறைக்காரர்களுக்கு இந்த வலி நன்றாகத் தெரியும். இரண்டும் ஒரே வகைக் காயம்தான். கதிர் பட்டுப் பல மணி நேரம் கழித்தே வலி தொடங்குவதால், காலையில் செய்த தவற்றோடு இரவு வலியைத் தொடர்புபடுத்த அவருக்குத் தோன்றவில்லை. அந்தப் பெட்டியில் கதவைத் திறந்தால் விளக்கு தானாக அணையும் சுவிட்ச் பழுதாகி, யாரோ கம்பியை நேராக இணைத்து வைத்திருந்தார்கள்.

ஆகவே, அறைக்கு விளக்கு மாட்டும் மின்பணியாளரிடம் சில செய்திகளைத் தெளிவாகச் சொல்லி வாங்க வேண்டும். புற ஊதா விளக்கின் சுவிட்ச் அறைக்கு வெளியே இருக்க வேண்டும். சாதாரண டியூப்லைட்டின் சுவிட்சோடு ஒரே பலகையில், ஒரே நிறத்தில் இருக்கவே கூடாது. நான் பார்த்த தவறுகளில் மிகுதியாக நடப்பது இதுதான். கதவு திறந்தால் மின்சாரம் துண்டிக்கப்படும் இணைப்பு, சுவிட்சைப் போட்டபின் ஆள் வெளியேறுவதற்கு ஒரு நிமிடமாவது தாமதித்து எரியும் டைமர், உள்ளே விளக்கு எரிகிறது என்பதைக் கதவுக்கு மேலே காட்டும் சிவப்பு விளக்கு ஆகிய மூன்றும் வேண்டும். எச்சரிக்கைப் பலகையைத் தமிழில் மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளக் கூடாது. ஓசூர்ப் பக்கத்தில் துப்புரவுப் பணிக்கு வருபவர்களில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் நிறையப் பேர். வடமாநிலத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். எழுத்துப் படிக்காதவருக்கும் புரியும்படி கண்ணும் குறுக்குக் கோடும் போட்ட படம் ஒன்று அவசியம்.

விளக்கு எரியும்போது உள்ளே போக வேண்டிய தேவை அளவெடுப்பவருக்கு மட்டுமே வரும். அவருக்கும் முகம் முழுவதையும் கழுத்தையும் மறைக்கும் பாலிகார்பனேட் கவசம், நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை வேண்டும். பக்கவாட்டில் திறந்திருக்கும் மூக்குக்கண்ணாடி போதாது. தவறிக் கதிர் பட்டுவிட்டால் கண்ணைக் கசக்காமல் குளிர்ந்த ஈரத்துணியை வைத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும் என்றாலும், மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து வேண்டாம்.

இரண்டாம் படி: அறையைக் காலி செய்தல்

விலங்குகளைக் கூண்டோடு வேறு அறைக்கு மாற்றுங்கள். தீவன மூட்டை, தண்ணீர்ப் புட்டி, உமி மூட்டை, பதிவேடு, மருந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். தீவனத்தின் வைட்டமின்களுக்குப் புற ஊதா ஆகாது. கூண்டுகளை இந்த அறையில் விட்டுவைக்காமல் கழுவும் பகுதிக்கு அனுப்புங்கள். 82 டிகிரி செல்சியஸ் அளவிலான வெந்நீரும், அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவும் கூண்டுக்குச் செய்வதைப் புற ஊதாவால் செய்ய முடியாது. அதோடு, தொடர்ந்து கதிர் பட்டால் பிளாஸ்டிக் மஞ்சளாகி நொறுங்கத் தொடங்கும். அறையிலேயே இருக்க வேண்டிய ரப்பர் வளையம், மின்கம்பி உறை, திரை உள்ள கருவி ஆகியவற்றை அலுமினியத் தாளாலோ கனத்த அட்டையாலோ மூடிவிடலாம். மூடிய இடத்தைப் பிறகு கையால் துடைக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாம் படி: கழுவுதல்

உமியையும் எச்சத்தையும் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்பி, சுத்தமாக இருந்த இடத்திலும் போய் உட்காரும். லேசாக ஈரப்படுத்தி அள்ளிப் பையில் கட்டிவிட்டு, கூரையில் தொடங்கிச் சுவர் வழியாகத் தரைக்கு இறங்கும் வரிசையில் சோப்புக் கரைசலால் தேய்த்துக் கழுவுங்கள். முயலும் கினிப்பன்றியும் இருந்த அறையில் தட்டிலும் தரையிலும் வெள்ளையாக ஒரு படிவு ஒட்டியிருக்கும். அவற்றின் சிறுநீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து காய்ந்து இறுகிய படிவு அது, சோப்புக்கு அசையாது. சிட்ரிக் அமிலக் கரைசலை ஊறவிட்டுத் தேய்த்தால் கழன்று வரும். அந்த அமிலத்தை முழுவதுமாகத் தண்ணீர் விட்டு அலசிய பிறகே பிளீச்சிங் கரைசலைத் தொட வேண்டும். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். சிறுநீரின் அம்மோனியாவோடு பிளீச்சிங் கலந்தாலும் மூச்சை அடைக்கும் ஆவி வரும். ஆகவே அலசாமல் அடுத்த மருந்தை ஊற்றுவது என்பது எந்த நிலையிலும் கூடாது.

உங்கள் மனையில் ஒப்புதல் பெற்ற கிருமிநாசினியை அதற்குரிய செறிவில், அதற்குரிய நேரம் ஈரமாக இருக்குமாறு பூசி, பின் நல்ல தண்ணீரால் துடைத்து, அறையை முழுவதும் உலர விடுங்கள். ஈரம் படிந்த பரப்பில் கதிர் வீணாகும்; காற்றின் ஈரப்பதம் மிகுந்தாலும் காற்றில் மிதக்கும் கிருமிகளின் மீது விளக்கின் வலிமை குறையும். விலங்கு அறைகளில் 30 முதல் 70 விழுக்காடு வரை ஈரப்பதம் இருக்கலாம் என்று வழிகாட்டு நெறிகள் அனுமதித்தாலும், புற ஊதா போடும் நேரத்தில் 60-க்குக் கீழே இருப்பது நல்லது. உலர்த்துவதற்காகக் காற்றுப்போக்கை உங்கள் விருப்பத்துக்கு நிறுத்தவோ கூட்டவோ செய்யாதீர்கள். ஓர் அறையின் எக்ஸாஸ்டை நிறுத்தினால் பக்கத்து அறையின் காற்று திசைமாறி இங்கே வரவும் இங்குள்ளது அங்கே போகவும் வழி ஏற்படும். மனைப் பொறுப்பாளரைக் கேட்டே செய்யுங்கள்.

நான்காம் படி: நேரத்தைக் கணக்கிடுதல்

'எவ்வளவு நேரம் போட வேண்டும்' என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. 'அரை மணி நேரம்' என்பதுதான் எல்லாரும் சொல்லும் பதில். அந்த அரை மணி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கதிரின் செறிவை நேரத்தால் பெருக்கினால் கிடைப்பதே அளவு. கிருமிக்கு உறைப்பது இந்த அளவுதான். செறிவை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மைக்ரோவாட் என்றும், அளவை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிஜூல் என்றும் குறிப்போம். 1,000 மைக்ரோவாட் ஒரு நொடி விழுந்தால் ஒரு மில்லிஜூல். கீழே நான் சொல்லும் எண்கள் அனைத்தும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கானவை.

ஈ. கோலையில் 90 விழுக்காட்டைச் செயலிழக்கச் செய்ய ஏறத்தாழ 3 மில்லிஜூல் போதும், 99.9 விழுக்காட்டுக்கு 10-க்குள் அடங்கும். ஒரு இலட்சம் கிருமி இருந்த இடத்தில் 90 விழுக்காடு போனால் பத்தாயிரம் மிஞ்சும், 99.9 போனால் நூறு மிஞ்சும் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் இந்த விழுக்காடுகளின் பொருள் விளங்கும். கரும்பூஞ்சை வித்துக்கோ 90 விழுக்காட்டுக்கே 100 மில்லிஜூலுக்கு மேல் வேண்டியிருக்கிறது. இந்த எண்கள் எல்லாம் தூய்மையான ஆய்வகச் சூழலில் கிடைத்தவை. உலர்ந்த, சொரசொரப்பான பரப்பில் கூடுதலாகவே தேவைப்படும். எங்கள் மனையில் நான் 100 மில்லிஜூலை இலக்காக வைத்திருக்கிறேன். அது பூஞ்சைக்கு உறுதி தராது. பாக்டீரியாவுக்குத் தாராளமாகப் போதும்.

இனி அறைக்கு வருவோம். மூன்றடி நீளமுள்ள 30 வாட் புதிய குழல் ஒரு மீட்டரில் 100 மைக்ரோவாட் தரும் என்றால், இரண்டு மீட்டர் கீழே உள்ள மேசைப் பரப்பில் அது ஏறத்தாழ நான்கில் ஒன்றாகி 25 ஆகும். குழல் பழகி ஐந்தில் ஒரு பங்கு வலிமை குறைந்திருந்தால் 20. அந்த 20 மைக்ரோவாட்டில் 100 மில்லிஜூலை எட்ட 5,000 நொடி, அதாவது 83 நிமிடம் ஆகும். அரை மணி நேரக் கதை இங்கேயே உடைகிறது. அதே குழலிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளியுள்ள மூலைக்கு, சாய்வாக விழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், 3 மைக்ரோவாட் கிடைத்தால் பெரிது. அங்கே இலக்கை எட்ட ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேண்டும். நடுக்கூரையில் ஒரே குழலை மாட்டிவிட்டு அறை முழுவதும் தூய்மையானது என்று பதிவேட்டில் எழுதுவது எவ்வளவு பொருளற்றது என்பதைப் புதியவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே ஒரு முறை போட்டுப் பார்த்தால் புரிந்துகொள்வார்கள். சக்கரம் வைத்த நிற்கும் விளக்கு இருந்தால் அதை அறையின் இரண்டு அல்லது மூன்று இடங்களில் மாற்றி மாற்றி நிறுத்தி, ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாக நேரம் கொடுப்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி. ஓர் இடத்தில் நிழலாக இருந்தது இன்னோர் இடத்தில் வெளிச்சத்துக்கு வரும்.

காகிதக் கணக்கு ஒரு தொடக்கம்தான். 254 நானோமீட்டருக்கு ஏற்ற உணரி கொண்ட கதிரளவி ஒன்றை வாங்கியோ, அருகிலுள்ள நிறுவனத்திடம் இரவல் பெற்றோ, அறையில் பத்துப் பன்னிரண்டு புள்ளிகளில் அளந்து, தரைப்படம் வரைந்து, ஒவ்வொரு புள்ளியிலும் எண்ணைக் குறித்துச் சுவரில் ஒட்டுங்கள். மிகக் குறைந்த எண் உள்ள புள்ளிதான் உங்கள் நேரத்தைத் தீர்மானிக்க வேண்டும். கதிரளவி கிடைக்காதபோது, பட்ட அளவுக்கு ஏற்ப நிறம் மாறும் அட்டைகளை மூலைகளில் ஒட்டிப் பார்ப்பது இரண்டாந்தர வழி. ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட அது மேல்.

ஐந்தாம் படி: எரித்தல்

உள்ளே யாரும் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து, குரல் கொடுத்துக் கேட்டு, கதவைப் பூட்டிய பிறகே சுவிட்சைப் போடுங்கள். குழல் முழு வலிமைக்கு வரச் சில நிமிடம் ஆகும். அந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இவ்வகைக் குழல்கள் அவற்றின் சுவர் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும்போது சிறப்பாக வேலை செய்கின்றன. சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூரில் மார்கழிக் குளிரிலும், ஏ.சி. காற்று நேராகக் குழலின் மேல் வீசும் அறையிலும் வலிமை குறையும். கதிரளவியால் கோடையில் ஒரு முறையும் குளிர்காலத்தில் ஒரு முறையும் அளந்து பார்த்தால் வேறுபாடு தெரியவரும்.

மின்னழுத்தம் தாழ்ந்தாலும் வலிமை குறையும். பழைய சோக் வகையில் இது இன்னும் மிகுதி. நடுவில் மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் சில டைமர்கள் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும், சில எஞ்சிய நேரத்திலிருந்து தொடரும், சில அணைந்தே கிடக்கும். உங்களுடையது எந்த வகை என்பதை மெயின் சுவிட்சை அணைத்துச் சோதித்துத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். விளக்கு எரிந்த மொத்த நேரத்தைக் காட்டும் மணிக்கணக்கு மீட்டர் ஒன்றைக் கூடவே பொருத்திவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை.

கூடுமானவரை இந்த வேலையைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். எலிகளுக்குப் பன்னிரண்டு மணி நேர வெளிச்சம், பன்னிரண்டு மணி நேர இருட்டு என்ற ஒழுங்கு கடைப்பிடிக்கப்படுகிறது. இரவில் பக்கத்து அறையின் கதவிடுக்கு வழியே கசியும் நீல வெளிச்சம்கூட அந்த ஒழுங்கைக் குலைக்கும். முடிந்ததும் விளக்கை அணைத்து, சிறிது நேரம் காற்றோட்டம் விட்டு உள்ளே செல்லுங்கள். மின்னல் வெட்டிய பின் வருவது போன்ற காரமான வாடை வந்தால் அது ஓசோன். 185 நானோமீட்டர் கதிரையும் வெளிவிடும் தவறான வகைக் குழல் மாட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். விலங்கு மனைக்கு ஓசோன் உண்டாக்காத குழலையே கேட்டு வாங்க வேண்டும்.

ஆறாம் படி: உண்மையில் வேலை நடந்ததா என்று பார்த்தல்

விளக்கு போடுவதற்கு முன்பும் பின்பும் ஒரே இடத்தின் அருகருகே உள்ள பரப்புகளில், கிருமி வளர்வதற்கான ஊட்டக்கூழ் நிரப்பிய அகார் தட்டை ஒற்றி எடுத்து, 37 டிகிரியில் இரண்டு நாள் வைத்து, வளர்ந்த கூட்டங்களை எண்ணுங்கள். கடினமான இடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: கதவோர மூலை, மேசை விளிம்பு, அடுக்கின் பக்கவாட்டு. நடு மேசையில் மட்டும் எடுத்தால் எப்போதும் நல்ல முடிவுதான் வரும். அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. ஒரு நுட்பம் உண்டு. சில பாக்டீரியாக்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் உதவியால் தங்கள் டி.என்.ஏ. சேதத்தைச் சரிசெய்துகொள்ளும் என்பது 1949-இலேயே கண்டறியப்பட்டது. ஆகவே விளக்கு போட்ட பிறகு மாதிரி எடுத்த தட்டுகளை வெளிச்சத்தில் வைத்துவிட்டு ஒரு முறையும், கறுப்புத் தாளில் சுற்றி இன்னொரு முறையும் வளர்த்துப் பாருங்கள். வெளிச்சத்தில் வைத்ததில் எண்ணிக்கை தெளிவாக மிகுந்திருந்தால் நீங்கள் கொடுத்த அளவு விளிம்பில் நிற்கிறது. நேரத்தைக் கூட்ட வேண்டும்.

குடிநீருக்குப் புற ஊதா

நம் இரண்டு மாவட்டங்களிலும் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடும் நோய்) தணிப்பு என்ற நோக்கம் சேர்க்கப்பட்டிருப்பது அதனால்தான். ஆழ்துளைக் கிணற்று நீரைப் புற ஊதாக் கருவி வழியே அனுப்பினால் கிருமி குறையும். ஃபுளோரைடு ஒரு துளியும் குறையாது. எலும்பையும் பல்லையும் பற்றிய ஆய்வுக்கு வளர்க்கும் எலிக்கு அந்தத் தண்ணீரைக் கொடுத்தால், ஆய்வின் முடிவில் மருந்தின் விளைவு எது, தண்ணீரின் விளைவு எது என்று பிரிக்க முடியாமல் போகும். ஆகவே எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) கருவியை முன்னும் புற ஊதாவைப் பின்னும் வைக்க வேண்டும். இந்தியத் தரநிலையில் குடிநீருக்கு ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றும், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்றும் வரம்பு உள்ளது என்பதால், ஆண்டுக்கு இரு முறையாவது நீரைச் சோதித்துச் சீட்டைக் கோப்பில் வையுங்கள். கடினநீர் ஓடும் கருவியில் விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் உறையின் மேல் உப்புப் படிந்து, உள்ளே விளக்கு எரிந்தாலும் கதிர் நீருக்கு வராது. சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துத் துடைப்பதை மாத வேலையாக வைத்துக்கொள்ளலாம். புற ஊதா பட்ட நீரில் குளோரினைப் போல எஞ்சி நின்று காக்கும் பொருள் எதுவும் இல்லை. எலி வாய்வைத்து உறிஞ்சும் புட்டியின் முனையில் வழுவழுப்பாகப் படியும் கிருமிப் படலத்துக்குப் புட்டியையும் முனையையும் ஆட்டோகிளேவ் செய்வதே தீர்வு.

பராமரிப்பும் பழைய குழலும்

வாரம் ஒரு முறை, விளக்கை அணைத்து ஆற விட்டு, பஞ்சில்லாத துணியில் ஆல்கஹால் நனைத்துக் குழலைத் துடையுங்கள். கைரேகையின் எண்ணெய்ப் பிசுக்குகூடக் கதிரை மறைக்கும் என்பதால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இக்குழல்களுக்குப் பொதுவாக 9,000 மணி நேரம் என்று ஆயுள் குறிக்கப்படுகிறது. அதற்குப் பிறகும் நீல ஒளி பழையபடியே தெரியும். கதிர் மட்டும் குறைந்திருக்கும். எரிகிறதே என்று விட்டுவைப்பது நம் ஊரில் எல்லாப் பொருளுக்கும் உள்ள பழக்கம். இங்கே அதைக் கைவிட வேண்டும். மணிக்கணக்கு மீட்டரோ கதிரளவியோ சொல்லும்போது மாற்றிவிடுங்கள். பதிவேட்டில் நாள், அறை, கழுவியவர் பெயர், எரித்த நிமிடங்கள், மீட்டரின் தொடக்க இறுதி எண்கள், மின்தடை ஏற்பட்டதா என்பது ஆகியவை இருந்தால் போதும்.

குழல் உடைந்தால் அதிலுள்ள பாதரசம் அறையில் பரவும். எல்லாரும் வெளியேறி, கால் மணி நேரமாவது காற்றோட்டம் விட்டு, கையுறையோடு கனத்த அட்டையால் துண்டுகளை வழித்தெடுத்து, பொடியை ஒட்டுநாடாவால் ஒற்றி, மூடியுள்ள புட்டியில் போட்டு அடையாளச் சீட்டு ஒட்டுங்கள். துடைப்பமும் வேக்குவம் கிளீனரும் பாதரசத்தை இன்னும் பரப்பிவிடும். முழுதாகக் கழற்றிய பழைய குழல்களை அவை வந்த அட்டை உறையிலேயே செருகிப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். பாதரச விளக்குகள் மின்னணுக் கழிவு விதிகளின் கீழ் வருவதால், அவற்றை அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடமே ஒப்படைத்து இரசீது வாங்க வேண்டும். பழைய பேப்பர், இரும்பு வாங்க வருகிறவரின் வண்டியில் ஏற்றிவிடக் கூடாது.